பெயர் சொல்லும் இடம்

சரோஜினி நகர், தில்லி
ஜூன் 9

சி. ஹம்சாவுக்கு அத்தை அம்புஜம் ஆசீர்வாதம்.

இங்க சௌக்கியம்னு எழுதினா பொய். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, முட்டிவலி எப்பவும் உள்ளது, அதை விடு. உன் போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எவளோ ஒருத்தி ஹிந்தியில அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா. நரேன்தான் சொன்னான், நீ படிக்கப் போன மடத்துல போனைப் பிடுங்கி வெச்சுண்டு படிப்பு முடிஞ்சாதான் தருவாளாமே. நல்ல மடம். எங்காத்துலயும் அப்படி ஒண்ணு வெச்சிருந்தா நரேன் ஒழுங்கா ஒரு வாய் சாப்பிட்டிருப்பான்.

நீ கோவிச்சுண்டு பஸ் ஏறின அன்னிக்கு சேவை புழிஞ்சு வெச்சிருந்தேன். தேங்காய் சேவையும் எலுமிச்சம்பழ சேவையும். நீ பையைத் தூக்கிண்டு போயிட்ட. அண்ணா பொண்ணாச்சேன்னு ரெண்டு வருஷம் ஆத்துல வெச்சு சோறு போட்டதுக்கு, அத்தை கேட்ட ஒரு கேள்விக்கு சிரிச்சுட்டுப் போயிட்ட.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கேக்கத்தான் இந்தக் கடுதாசி.

உன் அத்திம்பேர் போய் ஆறு மாசம் ஆறது. நான் ஒரு குறை வெக்கல. பதிமூணு நாளும் முறையா ஆச்சு. அஸ்தி ஹரித்வார்ல. நரேனுக்கு லீவு இல்ல, லீவு இல்லன்னு சொல்லிண்டே இருந்தான், காதைப் பிடிச்சு கயாவுக்கு இழுத்துண்டு போய்ப் பிண்டமும் போட வெச்சாச்சு. போனவர் போயாச்சு. மனசு ஆறிண்டு வந்தது.

இப்போ மத்தியானம் பாத்திரம் தேச்சுட்டு சித்த சாயறேன் பாரு, அவர் ரூம்ல பிரம்பு நாற்காலி க்ரீச்ங்கறது. அப்பறம் பேப்பர் மடிக்கற சத்தம். அப்பறம் தொண்டையைச் செருமறது. உனக்குத் தெரியுமே, ஃபைல்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போடற செருமல். எழுந்து போய்ப் பாத்தா நாற்காலி காலி. உக்காற எடம் மட்டும் சூடா இருக்கு.

அந்த ரூமை உனக்குப் படிக்கக் குடுத்தது நான்தான். திபெத்து பாஷையில ராகம் மாதிரி சத்தம் போட்டுப் படிப்ப. நான் டீ கொண்டு வந்து வெப்பேன். இது என்னடி பாடம்னு கேட்டா, செத்தவா காதுல படிக்கறது அத்தைன்னு சொன்ன. விளக்கேத்தற ஆத்துல இதான் கெடச்சதான்னு நெனச்சேன், ஆனா படிக்கற பொண்ணுன்னு வாயை மூடிண்டேன். (சிரிக்காதே. நானும் மூடுவேன் சில சமயம்.) ஆனா நடுநடுவுல அவர் பேரைச் சொன்னியா இல்லையா? மாலை போட்ட படத்தைப் பாத்துண்டே சொன்னியா இல்லையா? கேட்டா, அது சும்மா ஸாம்பிள் அத்தைன்னு சிரிக்கற. ஒரு மனுஷன் பேரு ஸாம்பிளா?

நான் அனுப்பி வெச்சவரை நீ கூப்பிட்டுட்ட. கூப்பிட்டதுதான் கூப்பிட்ட, முடிச்சாவது குடுத்தியா? பாதியில மூடிட்டுப் போயிட்ட.

இந்தப் பழைய குவார்ட்டர்ஸை எல்லாம் இடிச்சுண்டிருக்கா. எதிர்த்த பிளாக்குல ஜன்னல் நிலையெல்லாம் பேத்துண்டு போயாச்சு, கண்ணு பிடுங்கின மூஞ்சி மாதிரி நிக்கறது. நம்ம பிளாக்ல மூணு குடும்பம்தான் பாக்கி. தீபாவளிக்குள்ள காலி பண்ணிட்டு நான் நரேனோட குட்காவ் ஃபிளாட்டுக்குப் போகணும். நான் போயிடுவேன். அவர்? இடிக்கற எடத்துல அவரைத் தனியா உக்காத்தி வெச்சுட்டு நான் எப்படிப் போறது?

வந்து முடிச்சுக் குடு.

அத்தை


ஸ்பிதி, இமாச்சலப் பிரதேசம்
ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் பதினைந்து நாளுக்கு மேல் பயணம் செய்து வந்து சேர்ந்தது. முதலில், சேவைக்கு மன்னிப்பு.

நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. என்ன நடந்தது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பௌத்தம் படிக்கிறவர்களுக்கு மொழி மட்டும் போதாது, பாடத்தை வாய்விட்டுப் படிக்கப் பழக வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். இலக்கணம் தெரிந்த பலருக்கும் ஒரு பக்கத்தை மூச்சு முட்டாமல் வாசிக்க வராது. அதனால் முதல் வருடம் முழுக்கச் சத்தமாக வாசிப்புதான். எனக்குக் கொடுத்த பாடம், இறந்துபோனவருக்கு வழி சொல்லும் ஒரு சடங்கு நூல். அதில் பத்து வரிக்கு ஒருமுறை ஓர் இடம் வரும்: ‘இன்னாரே, கேளும்.’ அந்த இன்னார் என்ற இடத்தில் இறந்தவரின் பெயரைப் போட வேண்டும். வெற்றிடமாக விட்டு வாசித்தால் நாக்கு தடுக்கும், ஏதாவது ஒரு பெயரைப் போட்டுப் பழகுங்கள் என்றுதான் வகுப்பிலும் சொன்னார்கள். நான் தலை நிமிர்ந்தால் எதிரே அத்திம்பேர் படம். விஸ்வநாதன் என்று போட்டேன். அவ்வளவுதான். பாடத்திட்டத்தில் இருந்தது முதல் பாதி மட்டும். அது முடிந்தது, நான் நிறுத்தினேன்.

நாங்கள் இவற்றை நம்புவதும் இல்லை, நம்பாமல் இருப்பதும் இல்லை. மக்கள் எதை நம்புகிறார்கள் என்று படிக்கிறோம். இந்த விலகல்தான் எங்களுக்குக் கற்றுத்தரப்படும் முதல் விஷயம்.

கூலர் ஓடினால் ஈரத்தில் பிரம்பு முறுக்கிக்கொண்டு சத்தம் போடும். பக்கத்தில் ஜேசிபி ஓடினால் வீடே அதிரும். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். தீபாவளி வரை காத்திருக்காமல் நரேன் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஹம்சா


சரோஜினி நகர்
ஜூலை 14

ஹம்சாவுக்கு ஆசீர்வாதம்.

கூலரை மே மாசமே பழைய சாமான் வாங்கற கபாடிவாலா எடுத்துண்டு போயாச்சு. ஜேசிபிக்காரன் மத்தியானம் வேப்பமரத்தடியில தூங்கறான். உன் விலகலை நீயே வெச்சுக்கோ.

நீ சொன்னா கேக்க மாட்டேன்னு இல்ல, மத்தவாளையும் கேட்டேன். வைத்தி சாஸ்திரிகளை வரவழைச்சு ஒரு சாந்தி பண்ணச் சொன்னேன். அவர் ரூம்ல கால் வெச்சார், நாற்காலி ஒரு முனகல் முனகித்து. மனுஷன் பஞ்சபாத்திரத்தை எடுத்துப் பையில போட்டுண்டுட்டார். ‘மாமி, இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லை. ஃபைல் எந்த ஆபீஸ்ல ஓப்பன் ஆச்சோ அங்கதான் க்ளோஸ் பண்ணணும்’ங்கறார். அவரும் ரிட்டயர்டு மினிஸ்ட்ரி ஆளு தானே, பேச்சு அப்படித்தான் வரும். தட்சிணையை மட்டும் மறக்காம வாங்கிண்டார்.

நரேன் வந்தான். அவன்கிட்ட சொன்னா, ‘அம்மா, உனக்கு ரெஸ்ட் வேணும்’ங்கறான். சரிடா, அந்த நாற்காலியில போய் உக்காருன்னேன். உக்காரலையே! ‘ஜல்தி இருக்கு அம்மா’ன்னு போயிட்டான்.

உனக்கு ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.

உன் அத்திம்பேர் நான் பேசறதை ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்ல. கெட்டவர்னு சொல்லல. கல்யாணம் ஆகி தில்லிக்கு வந்தப்போ எனக்கு ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாது, பேச்சுத் துணைக்கு அவர் ஒருத்தர்தான். வாயைத் திறந்தா கையைத் தூக்கி, ‘பாயின்டுக்கு வா’ம்பார். பாயின்ட் இருந்தாதானே வர? நான் சும்மா பேசறதுக்குப் பேசுவேன்.

அவர் போன அன்னிக்கு நான் சமையலுள்ளேர்ந்து பேசிண்டிருந்தேன். ஐ.என்.ஏ மார்க்கெட்டுல புளி வாங்கின கதை. பழசா கறுத்துக் கெடந்தது, ‘பையா, யே நயா ஹை க்யா’ன்னு நான் கஷ்டப்பட்டுக் கேட்டா, கடைக்காரன் அழகா தமிழ்ல ‘புதுசு மாமி’ங்கறான். அதைச் சொல்லி, அங்கேர்ந்து அவன் ஊரு, அவன் தங்கை கல்யாணம்னு எங்கயோ போயிட்டேன். குக்கர் அடங்கி, குழம்பு எறக்கற வரைக்கும் பேசியிருக்கேன். அவர் பாயின்டுக்கு வான்னு சொல்லல. எனக்கு ஒரே சந்தோஷம், இன்னிக்கு அதிசயமா முழுசும் கேக்கறாரேன்னு. சாப்பிட வாங்கோன்னு கையைத் தொடச்சுண்டு வந்து பாத்தா, பேப்பர் மடியில இருக்கு, தலை சாஞ்சிருக்கு. எந்த எடத்துல போனாரோ. புளியிலயா, தங்கை கல்யாணத்துலயா? அதான் ஹம்சா எனக்கு அறுக்கறது.

இப்போ அதே நாற்காலியில வந்து உக்காந்து செருமறார். எதுக்குன்னு தெரியல. பாயின்டுக்கு வரச் சொல்றாரோ என்னமோ.

அத்தை


ஸ்பிதி
ஆகஸ்ட் 6

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தை நான் வகுப்பில் சொன்னேன். வேடிக்கைக் கதையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். தவறுதான்.

இங்கே எங்களுக்கு வாசிப்பு சொல்லித்தருபவர் டோல்கர் என்று ஒரு பிக்குணி. என்னைவிட வயதில் சின்னவர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார், என் உச்சரிப்புக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சாஸ்திரிகள் சொன்ன ஃபைல் கதைக்கும் சிரித்தார். அதற்குப் பிறகு, ‘நீ எந்த இடத்தில் நிறுத்தினாய்?’ என்று கேட்டார். முதல் பாதியின் முடிவில் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

‘முதல் பாதி கூப்பிடுவதற்கு. இரண்டாம் பாதி அனுப்புவதற்கு. தூங்குகிறவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, பாடத்திட்டம் முடிந்தது என்று எழுந்து போனாயா?’

எங்கள் பல்கலைக்கழகத்தில் அது அப்படித்தான் என்றேன். ‘அங்கே யாருக்கும் யாரும் சாகவில்லையா?’ என்றார். அத்திம்பேரை அனுப்பி முடிக்கும் வரை நான் அந்த நூலைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் ஆய்வேடே அந்த நூலைப் பற்றித்தான்.

மண் சரிந்து கீழே போகும் சாலை மூடிக்கிடக்கிறது. தபால்காரர் மட்டும் சரிவை நடந்தே தாண்டி வந்துபோகிறார். தீபாவளிக்குள் என்னால் தில்லி வர முடியும் என்று தோன்றவில்லை. டோல்கரிடம் சொன்னேன். ‘நீ எதற்கு? அவருக்குப் பழகின குரல் வேண்டும். வீட்டில் யார் குரலை அவர் அதிகம் கேட்டார்?’ என்றார்.

ஆகவே இரண்டாம் பாதியைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தினம் ஒரு பக்கம், நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ‘இன்னாரே’ என்று வரும் இடத்தில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தை நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் படியுங்கள். அதில் ‘திரும்பிப் பாராதீர், திரும்பி வாராதீர்’ என்று வரும். அதோடு முடிந்தது. அதற்குப் பின் அவரைக் கூப்பிடக் கூடாது.

புளிக் கதையையும் டோல்கரிடம் சொன்னேன். மூச்சு நின்ற பிறகும் காது கொஞ்ச நேரம் திறந்திருக்கும், அதை நம்பித்தான் இந்த நூலே எழுதப்பட்டிருக்கிறது என்றார். அத்தை, அவர்கள் கணக்குப்படி, அத்திம்பேர் கல்யாணக் கதை வரை கேட்டிருக்கிறார்.

ஹம்சா


சரோஜினி நகர்
ஆகஸ்ட் 25

ஹம்சா கண்ணாவுக்கு,

கடைசி நாலு வரியை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதே. கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் படிச்சேன். அந்த வாத்தியாரம்மா சின்னப் பொண்ணுங்கற, அவளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு. சந்நியாசிக்கு வயசு பாக்கறதில்ல.

மத்தியானம் மத்தியானம் படிக்கறேன். ஸ்வாமி விளக்கை ஏத்திட்டு, பிள்ளையாரப்பா வேத்து மதம்னு நெனச்சுக்காதேன்னு வேண்டிண்டு ஆரம்பிச்சேன். நீ எழுதின தமிழ் கரடுமுரடா இருக்கு, ‘உம்முடைய வீட்டின் ஓசை இது, அதன் பக்கம் திரும்ப வேண்டாம்’னு. அவருக்குப் பிடிக்கும், கவர்மெண்ட் ஆர்டர் மாதிரியே இருக்கு.

படிக்க ஆரம்பிச்சா நாற்காலி சத்தம் நின்னுடறது. கவனிக்கறார்டி! முதுகு நிமிர்ந்து உக்காந்தா ஒரு சத்தம் வருமே, அதுகூடக் கேட்டேன்.

ஆனா ஒரு சங்கடம். அந்தப் பேர்.

நான் சொன்னதில்லம்மா. ஒரு நாளும் சொன்னதில்ல. நம்மாத்துப் பொம்மனாட்டிகள் யாரு ஆத்துக்காரர் பேரைச் சொல்லியிருக்கா? காஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிண்டு போன பையன் ‘பதி கா நாம்’னு கேட்டான். காசியில இருக்காரே ஸ்வாமி, அவர் பேருன்னேன். அவன் ‘அச்சா, காசிநாத்’னு எழுதிண்டு போயிட்டான். இன்னி வரைக்கும் எங்காத்து சிலிண்டர் காசிநாத் பேர்லதான் வரது. அத்திம்பேர் அதுக்கு ஒரு வாரம் என்னோட பேசல.

அதனால ‘இன்னாரே’ வந்தா, ‘நரேன் அப்பா, கேளுங்கோ’ன்னு படிச்சேன். அப்போ பாரு, நாற்காலி ஒரு மாதிரி அசையறது. யாரையோ கூப்பிடறான்னு கதவுப் பக்கம் திரும்பற மாதிரி. ‘நம்மாத்து மாமா’ன்னும் சொல்லிப் பாத்தேன். ம்ஹூம்.

நரேன் அப்பான்னு சொன்னாப் போறாதா? வாத்தியாரம்மாவைக் கேட்டு எழுது. வேற வழி ஒண்ணு இருக்கும். எல்லா சாஸ்திரத்துலயும் ஒரு பரிகாரம் இருக்குமே.

மேலாத்து சதாசிவம் குடும்பமும் காலி பண்ணிண்டு போயாச்சு. ராத்திரி பிளாக்ல வெளிச்சம் எங்காத்துல மட்டும்தான். பயமா இருக்கான்னு நரேன் போன்ல கேக்கறான். பயம் என்ன, ஆத்துல ஆம்பளை இருக்கார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுத்து.

அத்தை


ஸ்பிதி
செப்டம்பர் 17

அத்தை,

கேட்டேன். பரிகாரம் இல்லையாம். ‘நரேன் அப்பா என்பது அவர் பார்த்த வேலை. வேலை முடிந்துவிட்டது. ஆளைக் கூப்பிடச் சொல்’ என்றார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். விலகல் அது இது என்று முதல் கடிதத்தில் அளந்தேன். உண்மை என்னவென்றால், நாற்காலிச் சத்தத்தை உங்களுக்கு முன்னால் கேட்டவள் நான். ஏப்ரலில், வாசித்துக்கொண்டிருக்கும்போது. பெயரைச் சொல்லி நிமிர்ந்தேன், பேப்பர் மடிகிற சத்தம். அதன் பிறகும் நாள்தோறும் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொன்னேன், அது சத்தமே இல்லை என்று எனக்கு நிரூபிக்க. நீங்கள் கேட்டபோது சிரித்தது பயத்தில்.

இங்கேயும் எந்த நூலில் ‘இன்னார்’ வந்தாலும் என் வாய் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. வேறு பெயர் வரவில்லை. கூட வாசிக்கிற பெண்கள் அந்த இடம் வந்தால் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சொல்லிவிடுங்கள், அத்தை. ஒரே ஒரு முறை.

ஹம்சா


குட்காவ்
நவம்பர் 3

சி. ஹம்சாவுக்கு அத்தை ஆசீர்வாதம்.

இங்க வந்து கொஞ்ச நாள் ஆச்சு. பதினாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தா புகைதான், ஆகாசம் தெரியல. கோலம் போட வாசல் இல்ல, லிஃப்ட் எதிரே சின்னதா போட்டேன், பெருக்கறவ வந்து தொடச்சுட்டா. சரி, பாயின்டுக்கு வரேன்.

கிளம்பற அன்னிக்கு சாமான் எல்லாம் டெம்போல ஏத்தியாச்சு. பிரம்பு நாற்காலியை மட்டும் எடுக்க வேண்டாம்னுட்டேன். நரேன் கீழேர்ந்து ஹார்ன் அடிக்கறான். வெத்து ரூம், படம் மாட்டின எடத்துல சுவத்துல வெள்ளையா ஒரு சதுரம். நான் கடைசிப் பக்கத்தை வெச்சுண்டு நிக்கறேன். முதல் வரியிலயே ‘இன்னாரே.’

காதை யாராவது பொத்திக்க மாட்டாளான்னு இருந்தது. ஸ்வாமியை நெனச்சுண்டேன், அவர் பேருதானேன்னு. அப்படிச் சொன்னா ஸ்வாமியைத்தான் கூப்பிட்ட மாதிரி ஆயிடும், அதுவும் தப்பு. மனசுல அவர் மூஞ்சியை, அந்த மூக்கை, கை தூக்கறதை எல்லாம் கொண்டு வந்து நிறுத்திண்டு, சொல்லிட்டேன்.

விஸ்வநாதன்.

மெதுவாத்தான் சொன்னேன். வெத்து ரூம்ல அது நன்னாக் கேட்டது. நாற்காலி, உக்காந்திருந்தவா எழுந்தா மேல எழும்புமே, அப்படி எழும்பித்து. அவர் நின்னார் ஹம்சா. கண்ணுக்குத் தெரியல, ஆனா நின்னார். எனக்கு எதிர்ல, என் பக்கம் பாத்து. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பாக்கல.

மேல படிச்சேன். ‘திரும்பிப் பாராதீர்’ங்கற வரைக்கும் வந்துட்டேன். அடுத்த வார்த்தை வரலடி. ஆபீஸ் போறவரை தெனம் வாசல்ல நின்னு அனுப்பின வாய். வெளில கிளம்பறவாகிட்ட ‘வராதீங்கோ’ன்னு எந்தப் பொம்மனாட்டியாவது சொல்லுவாளா? கண்ணை மூடிண்டேன், பழக்கத்துல வாய் தன்னால சொல்லிடுத்து:

‘போயிட்டு வாங்கோ.’

அப்பறம் ஒரு சத்தமும் இல்ல. நாற்காலி வெறும் நாற்காலி ஆயிடுத்து. தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்தது. ‘அம்மா, ஜல்தி!’ன்னு நரேன் கத்தினான். கதவைச் சாத்திண்டு எறங்கிட்டேன். அந்த பிளாக்கை மறுநாளே இடிச்சுட்டானாம்.

இங்க வந்து அழுதேன். போயிட்டார்னு அழுதேனா, போகச் சொன்னேன்னு அழுதேனா, தெரியல. நரேனும் மாட்டுப்பொண் ப்ரீதாவும் காலம்பற ஆபீஸ் போனா ராத்திரிதான் வருவா. டிவிக்காரிகள் பேசறது ஒண்ணும் புரியல. பேச ஒரு ஜீவன் இல்ல.

முந்தாநாள் மத்தியானம், ஹால்ல சித்த சாஞ்சிருந்தேன். பேப்பர் மடிக்கற சத்தம் கேட்டது. இந்தாத்துல பேப்பரே வாங்கறதில்ல.

நான் எழுந்து பாக்கல. பயப்படவும் இல்ல. உள்ள போய் ரெண்டு டம்ளர் காபி கலந்தேன். சோபா பக்கத்துல ஒண்ணை வெச்சுட்டு, எதிர்ல உக்காந்துண்டு, புளிக்கடைக்காரன் தங்கை கல்யாணத்துல விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். மாப்பிள்ளை கார் கேட்டது, அது நின்னு போக இருந்தது, அப்பறம் நடந்தது, எல்லாம் சொன்னேன். ஒரு எடத்துல கூட பாயின்டுக்கு வான்னு சொல்லல. சித்த நேரம் பேசாம இருந்து பாத்தேன், போயிட்டாரான்னு. ‘விஸ்வநாதன்’னு கூப்பிட்டேன். செருமினார்.

இப்போ தெனமும் மத்தியானம் கூப்பிட்டு வெச்சுண்டு பேசறேன். எவ்வளவு பாக்கி இருக்கு தெரியுமா, சொல்லாம விட்டது!

வாத்தியாரம்மாகிட்ட, முடிச்சாச்சுன்னு சொல்லிடு. நீ உன் புஸ்தகத்தைத் திறந்துக்கோ, நன்னாப் படி, டாக்டர் பட்டம் வாங்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோ கண்ணா. இனிமே படிக்கறப்போ அந்த எடத்துல வேற யார் பேரையாவது போட்டுப் பழகிக்கோ. நாக்கைக் கடிச்சுண்டாவது மாத்திக்கோ. நீ அங்கேர்ந்து கூப்பிட, நான் பேசிண்டிருக்கறப்போ அவர் பாதியில எழுந்து போனா, எனக்கு இனிமே தாங்காது.

அத்தை